லெவல் த்ரீ கேட்டு வராதீர்கள்: ஆர்மா 3-இல் கவசமும் ஹெல்மெட்டும் உடுப்பும்

கீழக்கரையிலும் பாம்பனிலும் போனில் பி.ஜி.எம்.ஐ. ஆடிப் பழகியவர்கள், கம்ப்யூட்டர் வாங்கி ஆர்மா 3 என்ற ராணுவ விளையாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது லெவல் த்ரீ ஹெல்மெட்டைத்தான். பி.ஜி.எம்.ஐ.யில் அது நியாயமான தேடல். லெவல் ஒன்று 30 சதவீத அடியைக் குறைக்கும், இரண்டு 40, மூன்று 55. பெரிய எண் கிடைத்தால் மாட்டு, சின்னதைக் கீழே போடு. அவ்வளவுதான் கணக்கு. செக் குடியரசின் போஹேமியா இன்டராக்டிவ் 2013 செப்டம்பரில் வெளியிட்ட ஆர்மா 3-இல் இந்தக் கணக்கு காலை வாரிவிடும். இங்கே கவசம் எடுப்பது வீட்டுக்குப் பூட்டு வாங்குவது மாதிரி: எத்தனை லீவர் பூட்டு என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கதவுக்கு என்று கேட்க வேண்டும். கொல்லைக் கதவு திறந்து கிடந்தால் வாசல் பூட்டால் பயனில்லை.

இங்கே பார்க்கப்போவது அடிப்படை விளையாட்டோடு வரும் உடுப்புகளையும், ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஆர்.எச்.எஸ். அமெரிக்கப் படைத் தொகுப்பையும். இடையில் ஒர்க்‌ஷாப்பில் கொட்டிக் கிடக்கும் சில்லறை உடுப்பு மாடுகளுக்கும் (மாட் என்பது ரசிகர்கள் செய்து விளையாட்டில் சேர்க்கும் கூடுதல் பாகம்) ஒரு சோதனை முறை சொல்லியிருக்கிறது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விளையாட்டின் எஞ்சின் வீரனின் உடம்பைத் தலை, முகம், கழுத்து, மார்பு, உதரவிதானம், வயிறு, இடுப்பு, கைகள், கால்கள் என்று தனித்தனி இடங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு வெஸ்ட்டுக்குள் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று, அந்த இடம் எவ்வளவு அடி தாங்கும் என்பது. மற்றது பாஸ்த்ரூ: அந்த இடத்தில் விழுந்த அடியில் எவ்வளவு பங்கு மொத்த உயிரிலிருந்து கழியும் என்பது. வெஸ்ட்டில் எழுதப்படாத இடத்துக்கு வெஸ்ட்டால் ஒரு பயனும் கிடையாது. மார்புக்கு மலை போல எண் இருந்தாலும் கழுத்தில் பட்ட குண்டுக்கு அது தெரியவே தெரியாது. காலில் பட்டால் ஓட முடியாமல் நொண்ட வேண்டும், கையில் பட்டால் குறி ஆடும். ஃபர்ஸ்ட் எய்ட் கிட் போட்டாலும் முழுதாக ஆறாது. அதற்கு மெடிக் வந்து மெடிகிட் போட வேண்டும்.

பி.ஜி.எம்.ஐ. பழக்கத்தில் இன்னொன்றையும் விட்டுவிட வேண்டும். அங்கே வெஸ்ட் அடி வாங்க வாங்கத் தேயும். ஆர்மா 3-இல் தேயாது. முதல் குண்டைத் தாங்கிய அதே வலுவோடு பத்தாவது குண்டையும் சந்திக்கும். நிஜத்தில் செராமிக் தகடு குண்டு பட்ட இடத்தில் நொறுங்கித்தான் அதன் வேகத்தைத் தின்கிறது. அதே இடத்தில் அடுத்தது விழுந்தால் நிலைமை வேறு. இந்த ஒரு விஷயத்தில் ஆர்மா நிஜத்தைவிடத் தாராளம்.

விளையாட்டில் நேட்டோ படைப் பக்கத்தில் நான்கு கேரியர்கள், அதாவது தகடு வைத்த வெஸ்ட்டுகள்: கேரியர் லைட், கேரியர் ரிக், கேரியர் ஜி.எல். ரிக், கேரியர் ஸ்பெஷல் ரிக். பெயரைப் பார்த்து ஜி.எல்.தான் ராஜா என்று நினைத்து எல்லாரும் அதை எடுக்கிறார்கள். அது வெடிச் சிதறலை மனதில் வைத்துச் செய்தது. கழுத்தையும் மேல்கையையும் சேர்த்து மூடும், அதற்கேற்ற எடையும் ஏறும். கிரெனேட் லாஞ்சர் வைத்திருப்பவனுக்கும், கட்டடத்துக்குள் அறை அறையாகப் புகுபவனுக்கும் அது சரி. திறந்த வெளியில் முந்நூறு மீட்டர் ஓடிப் போய்ப் படுக்க வேண்டிய ரைஃபிள்காரனுக்கு அது வெறும் மூட்டை. அவனுக்கு கேரியர் ரிக் போதும். ரேடியோவோ ராக்கெட்டோ சுமப்பவன் என்றால் கேரியர் லைட். செஸ்ட் ரிக், ஸ்லாஷ் பேண்டலியர் இரண்டும் பார்க்க ஜோராக இருக்கும்; குண்டு தாங்கும் வேலை அவற்றுக்குக் கிடையாது. அவை பைகள் மட்டும்.

நிஜத் தகட்டின் அளவை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் இந்த வேறுபாடு சட்டென்று விளங்கும். அமெரிக்க ராணுவத்தின் மீடியம் தகடு 9.5-க்கு 12.5 அங்குலம். மடித்த தினசரித் தாளைவிடச் சிறியது. ஒரு தகடு சுமார் இரண்டரைக் கிலோ. முன்னும் பின்னும் சேர்த்தால் ஐந்து. அது இதயத்தையும் நுரையீரலின் பெரும்பகுதியையும் மூடும். அடிவயிறு, இடுப்பு, அக்குள் பக்கம் எல்லாம் வெளியில்தான். தகட்டின் மேல்விளிம்பு தொண்டைக்குழிக்கு நேரே, காறை எலும்புகள் சந்திக்கும் பள்ளத்தில் நிற்க வேண்டும். ஒரு மாடின் மாடல் நன்றாகச் செய்ததா என்று பார்க்க இதுதான் முதல் சோதனை. தகடு தொப்புள் வரை இறங்கித் தொங்கினால், செய்தவர் பொம்மைத் துப்பாக்கி விளையாட்டுக்காரர்களின் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடிப்படை விளையாட்டில் மிக நன்றாக யோசித்த விஷயம் நேட்டோவுக்கு எதிரியான சிசாட் படையின் உடுப்பு. மற்ற படைகளுக்குத் துணி துணியாக இருக்கும், வெஸ்ட் கவசமாக இருக்கும். சிசாட்டுக்கு உடுப்பே கவசம். கையும் காலும்கூட ஓரளவு மூடப்பட்டிருக்கும். மேலே மாட்டும் எல்.பி.வி. ஹார்னஸில் பாதுகாப்பு இல்லை, பைகள்தான். ஆகவே சிசாட் வீரனை ஹார்னஸோடு பார்த்து “வெஸ்ட் இல்லாதவன்” என்று மார்பில் ஒரு குண்டோடு நிறுத்திக்கொள்பவர் ஏமாந்து போவார். மறுபக்கம், சிசாட்டாக ஆடுபவர் நேட்டோ சடலத்திலிருந்து கேரியர் ரிக்கை எடுத்து அந்த உடுப்பின் மேல் மாட்டலாம். உடுப்பின் பாதுகாப்பும் கேரியரின் பாதுகாப்பும் சேர்ந்து வரும். எடை முதுகை ஒடிக்கும், ஆனால் வாசலில் காவல் நிற்பவனுக்கு அது ஒரு பொருட்டில்லை.

தலைகீழாக நடக்காது. நேட்டோ வீரன் கீழே கிடக்கும் சிசாட் உடுப்பை எடுத்துப் போட முடியாது. எதிரிப் படையின் உடுப்பை விளையாட்டு அனுமதிப்பதில்லை. வெஸ்ட், ஹெல்மெட், முதுகுப்பைக்கு இந்தத் தடை இல்லை. மிஷன் எழுதுபவர்கள் ஃபோர்ஸ்ஆட்யூனிஃபார்ம் என்ற கட்டளையால் இதைத் தாண்டலாம். சாதாரண ஆட்யூனிஃபார்ம் கட்டளையில் எதிரி உடுப்பைக் கொடுத்துவிட்டு, வீரன் ஜட்டியோடு நிற்கிறானே என்று தலையைச் சொறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஹெல்மெட்டுக்கு வருவோம். நிஜத்தில் அமெரிக்க ஏ.சி.எச். போன்ற ஹெல்மெட்டுகள் முதன்மையாக வெடிச் சிதறலையும் 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டையும் தடுக்கச் செய்தவை. ரைஃபிள் குண்டு நேராக நெற்றியில் விழுந்தால் அவை பொறுப்பேற்பதில்லை. ஆர்மாவும் ஏறக்குறைய அப்படித்தான் வைத்திருக்கிறது. நேட்டோவின் என்ஹான்ஸ்டு காம்பாட் ஹெல்மெட்டுக்கும் லைட் காம்பாட் ஹெல்மெட்டுக்கும் வித்தியாசம் உண்டு. கிட்டத்தில் வந்த 6.5 மி.மீ. குண்டுக்கு முன்னால் இரண்டையும் நம்பி எட்டிப் பார்க்கக் கூடாது. ஹெல்மெட்டின் உண்மையான பயன் கையெறி குண்டுச் சிதறலிலும், தூரத்திலிருந்து வேகம் குறைந்து வரும் குண்டிலும் தெரியும். 2016 ஜூலையில் வந்த ஏபெக்ஸ் விரிவாக்கத்தின் ஸ்பெஷல் பர்ப்பஸ் ஹெல்மெட் மட்டும் தனி ஜாதி. முகத்தையும் மூடும், இரவுப் பார்வையும் வெப்பப் பார்வையும் உள்ளேயே இருக்கும். அதற்காக மட்டும் ஏபெக்ஸ் வாங்க வேண்டியதில்லை. ஏபெக்ஸ் கையில் இருந்தால் அதை விட்டுவைக்கவும் வேண்டியதில்லை.

நம் ஆட்கள் அடிக்கடி கேட்பது இந்திய ராணுவத்தின் பட்கா. நெற்றியையும் பக்கங்களையும் பின்மண்டையையும் சுற்றி வளைத்த கனமான கவசப் பட்டை, உச்சந்தலை திறந்தது. கலாஷ்னிகோவ் குண்டை முன்னாலிருந்து தாங்க வேண்டும், எடையும் கூடக் கூடாது என்ற கட்டாயத்தில் பிறந்த வடிவம். ஆர்மாவில் இதைச் சரியாகச் செய்ய வழியில்லை. எஞ்சினுக்குத் தலை என்பது ஒரே இடம். நெற்றிக்கு ஓர் எண், உச்சிக்கு ஓர் எண் என்று பிரித்து எழுத முடியாது. அதனால் பட்கா வைத்த எந்த மாடும் இரண்டில் ஒரு பொய் சொல்லித்தான் ஆக வேண்டும்: மாடியிலிருந்து உச்சியில் சுட்டாலும் தாங்கும், அல்லது நேர் எதிரே சுட்டாலும் தாங்காது. இரண்டாவது பொய்யைச் சொல்லும் மாட் நேர்மையானது. கூடவே காலக் கணக்கையும் பாருங்கள். இந்திய ராணுவத்தின் புது டிஜிட்டல் உடுப்பு 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தன்றுதான் வெளியே வந்தது, நிஃப்ட் வடிவமைத்தது. அந்த உடுப்பைப் போட்டுவிட்டு மிஷனுக்கு 1999 என்று தேதி வைத்தால் சிரிப்புதான் வரும்.

எடை பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, சாவது பெரும்பாலும் அதனால்தான். 2015-இல் களைப்பு முறையை மாற்றி ஸ்டாமினா கொண்டுவந்தார்கள். சுமை கூடக்கூட ஓடும் மூச்சு குறையும், நின்று குறி வைத்தால் துப்பாக்கி ஆடும். இன்வென்டரியின் அடியில் ஒரு சுமைப் பட்டை இருக்கிறது. அது பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அசால்ட் பேக் 160 கொள்ளும், கிட்பேக் 280, கேரியால் 320. இவை கிலோ அல்ல. எடையையும் இடத்தையும் ஒன்றாகக் கலந்த விளையாட்டின் சொந்த அளவு. பெரிய பை கிடைத்ததே என்று நிரப்புவதுதான் தவறு. மேகஸின்கள் வெஸ்ட்டில், ஃபர்ஸ்ட் எய்ட் உடுப்பின் பாக்கெட்டில், ராக்கெட்டும் வெடியும் மட்டும் முதுகுப்பையில் என்று பிரித்து வைத்தால், அடி விழும்போது பையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடலாம், சுடுவதற்குக் கையில் குண்டு மிஞ்சும். எல்லாவற்றையும் பையில் திணித்தவன் பையோடு கிடப்பான். வெயில் மட்டும் விளையாட்டில் இல்லை. ராமேஸ்வரம் சித்திரை வெயிலில் பதினாலு கிலோ கவசத்தோடு ஒருவன் எத்தனை நிமிஷம் நிற்பான் என்ற கேள்வியை ஆர்மா கேட்பதே கிடையாது.

அந்தப் பதினாலு கிலோ ஐ.ஓ.டி.வி.யின் கணக்கு: அமெரிக்கத் தரைப்படை 2007-இல் கொண்டுவந்த முழு வெஸ்ட், எல்லாத் தகடுகளும் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். ஆர்.எச்.எஸ். தொகுப்பில் இதுவும், இதைவிட இலகுவான எஸ்.பி.சி.எஸ். கேரியரும் இருக்கின்றன. ஆர்.எச்.எஸ்.ஸை மற்ற மாடுகளிலிருந்து உயர்த்துவது இந்த இடம்தான். அடிப்படை விளையாட்டின் கதை 2035-இல் நடக்கிறது. அதன் உடுப்புகள் பாதி கற்பனை. “நவீன” உடுப்பு வேண்டும் என்பவருக்கு உண்மையில் வேண்டியது ஆர்.எச்.எஸ். ஒவ்வொரு வெஸ்ட்டும் வேலை வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ரைஃபிள்மேன், டீம் லீடர், கிரெனேடியர், மெடிக், சா கன்னர் (இலகு இயந்திரத் துப்பாக்கிக்காரன்) என்று. சா கன்னர் வெஸ்ட்டில் நீள மேகஸின் பைகளுக்குப் பதில் பெல்ட் குண்டுக்கான பெரிய பைகள், மெடிக்குக்கு மருந்துப் பை. தூரத்திலிருந்து ஒருவனின் வெஸ்ட்டைப் பார்த்தே அவன் கையில் என்ன இருக்கும் என்று ஊகிக்கலாம். எதிரி அணியில் சா கன்னரை முதலில் குறி வைக்க இது போதுமான தடயம்.

ஆர்.எச்.எஸ்.ஸின் குறை அதன் செழிப்பே. ஒரே ஹெல்மெட் ஹெட்செட்டோடு, ஹெட்செட் இல்லாமல், கண்ணாடியோடு, கண்ணாடி இல்லாமல், உறை நிறம் மாறி என்று, உடுப்பும் ஆயுதமும் தேர்ந்தெடுக்கும் ஆர்சனல் பட்டியலில் முழம் முழமாக நீளும். தேடல் பெட்டியில் பெயரைத் தட்டாமல் உருட்டிக் கொண்டிருந்தால் மிஷன் தொடங்கிவிடும். இன்னொன்று, கலக்காதீர்கள். அதன் கவசம் அதன் குண்டுகளை வைத்து அளந்து செய்யப்பட்டது. ஒரு அணிக்கு ஆர்.எச்.எஸ். கவசமும் மறு அணிக்கு 2035-இன் 6.5 மி.மீ. துப்பாக்கியும் கொடுத்தால் தராசு ஒரு பக்கம் சாயும், பிறகு சண்டை கவசத்தைப் பற்றியே நடக்கும். நிஜ ஐ.ஓ.டி.வி.யில் ஒரு கயிற்றை இழுத்தால் முழுக் கவசமும் கழன்று விழும். வண்டி கவிழ்ந்து தண்ணீரில் போனால் உயிர் பிழைக்கச் செய்த ஏற்பாடு. விளையாட்டில் இன்வென்டரியைத் திறந்து வெஸ்ட்டை இழுத்துத்தான் போட வேண்டும்.

இனி சில்லறை மாடுகள். தேடினால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும், பெரும்பாலானவற்றின் படம் அழகாக இருக்கும். அவற்றில் முக்கால்வாசிக்கு நோய் ஒன்றே: வெஸ்ட்டுக்குள் எழுதிய எண் அளவுக்கு மீறியது. கைக்குட்டை அளவு கேரியர், டாங்கிக் கவசம் போலத் தாங்கும். அதை ஆர்சனலின் பட்டைகளை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். அந்தப் பட்டைகள் ஏற்றியிருக்கும் பொருள்களில் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் வைத்து அளவிடப்படுகின்றன. வீங்கிய எண் கொண்ட ஒரு வெஸ்ட் உள்ளே வந்ததும் மற்ற எல்லா வெஸ்ட்டின் பட்டையும் சுருங்கிவிடும். நேற்றுவரை பாதிக்கு மேல் நின்ற கேரியர் ரிக் இன்று விரல்கடை அளவு காட்டினால் ஏதோ ஒரு மாட் கள்ளத்தராசு பிடிக்கிறது.

சுட்டுப் பார்ப்பதுதான் வழி. மிஷன் கட்ட உதவும் ஈடன் எடிட்டரைத் திறந்து வெறும் தரையில் ஓர் எதிரி வீரனை வையுங்கள். அவன் ஆயுதங்களை எடுத்துவிட்டு, இனிட் பெட்டியில் டிஸேபிள்ஏஐ கட்டளையை எழுதி நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள். முதலில் அவனுக்கு கேரியர் ரிக், சாதாரண நேட்டோ உடுப்பு. நூறு மீட்டரில் படுத்து, ஒற்றைக் குண்டாக மார்பில் சுட்டு எத்தனையில் விழுகிறான் என்று எண்ணுங்கள். பிறகு பிரிவ்யூவை மறுபடி தொடங்கி கழுத்தில், தொடையில். ஒவ்வொன்றையும் மூன்று நான்கு முறை செய்தால்தான் கணக்கு நிற்கும், ஏனென்றால் குறி சற்று விலகினால் உதரவிதானத்துக்கும் வயிற்றுக்கும் மாறிவிடும். அதே வரிசையைப் புது வெஸ்ட்டோடு செய்யுங்கள். மார்பில் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கினால் ஒதுக்கிவிடலாம். தொடையில் சுட்டாலும் வித்தியாசம் தெரிகிறது, ஆனால் மாடலில் தொடைமேல் எதுவுமே இல்லை என்றால் அன்றே அழித்துவிடலாம். கூடவே வீரனைப் படுக்க வைத்து, முதுகுப்பை மாட்டி, தோள்பட்டையில் துணி வெஸ்ட்டைக் கிழித்துக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். ஐம்பது மீட்டர் பின்னால் நடந்து போய்த் திரும்பிப் பார்க்கும்போது வெஸ்ட்டின் நிறம் மாறினாலோ பைகள் மறைந்தாலோ தூரத்துக்கான மாடல்களைச் சரியாகச் செய்யவில்லை.

உடுப்பின் நிறத்துக்கு வந்தால், இந்தக் கரைக்காரர்களுக்குத் தனி அனுகூலம் உண்டு. விளையாட்டின் களமான ஆல்டிஸ் தீவு 270 சதுர கிலோமீட்டர், கிரேக்கத்தின் லெம்னோஸை அச்செடுத்தது. வறண்ட மண், முழங்கால் உயரப் புதர், உப்பு வெளி, சுற்றிலும் கடல். ஆலிவ் மரத்துக்குப் பதில் பனையையும் சீமைக் கருவேலத்தையும் நட்டால் சாயல்குடியிலிருந்து வாலிநோக்கம் போகும் சாலை மாதிரிதான் இருக்கும். அந்த நிலத்தில் எது மறையும் எது பளிச்சிடும் என்று கண்ணுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் தவறு செய்வது புல் விஷயத்தில். பக்கத்தில் படுத்திருப்பவனுக்குப் பச்சைப் புல் தெரியும், அதனால் பச்சை உடுப்பு போடுவான். ஆர்மாவில் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் புல் வரையப்படுவதே இல்லை. நானூறு மீட்டரிலிருந்து ஸ்கோப்பில் பார்ப்பவனுக்குப் புல் கிடையாது. வழுக்கை மண்ணும் அதன்மேல் படுத்திருக்கும் பச்சை மனிதனும்தான். கிராஃபிக்ஸைக் குறைத்துப் புல்லையே அணைத்து வைத்திருப்பவனுக்குக் கிட்டத்திலும் அப்படியே. எனவே நிறம் எடுக்கும்போது புல்லை மறந்து மண்ணைப் பாருங்கள்.

நேட்டோவின் எம்.டி.பி. உருமறைப்பு நிறம் ஆல்டிஸின் பழுப்பு மண்ணில் நன்றாக ஒட்டும். ஆர்.எச்.எஸ்.ஸில் ஓ.சி.பி.யும் அதே குணம். காய்ந்த கருவேலங்காட்டு நிறம். வெளிர் மணல், தனுஷ்கோடி மாதிரி இரண்டு பக்கமும் கடல் உள்ள திட்டு என்றால் அமெரிக்க மரைன்களின் பாலைவன மார்பேட் உருமறைப்பு. யு.சி.பி. என்ற சாம்பல் டிஜிட்டல் உடுப்பை அமெரிக்கத் தரைப்படையே எங்கும் பொருந்தவில்லை என்று கைவிட்டது, 2019 செப்டம்பரோடு அதன் ஆயுள் முடிந்தது. விநோதம் என்னவென்றால் உப்பளத்தில், நடுப்பகலில், அந்தச் சாம்பல் சுமாராக மறையும். உப்பளம் தவிர வேறெங்கும் வேண்டாம். கறுப்பு கேரியர், கறுப்பு ஹெல்மெட் படத்துக்கு நன்றாக இருக்கும். இரவிலும் கட்டடத்துக்குள்ளும் சரி. மணல்மேல் கறுப்பு என்பது வெள்ளை வேட்டியில் விழுந்த மைப்பொட்டு. உடுப்பைத் தேர்ந்தவர்கள் வெஸ்ட்டை மறப்பதும் உண்டு. படுத்திருக்கும்போது எதிரிக்கு அதிகம் தெரிவது ஹெல்மெட்டும் முதுகுப்பையும். அவை இரண்டும் மண் நிறத்தில் இருந்தால் சட்டை எப்படியிருந்தாலும் பாதி வேலை முடிந்தது.

இவ்வளவும் மனித எதிரிக்கு மட்டும். கம்ப்யூட்டர் ஆட்டும் எதிரிக்கு நிறம் தெரியாது. தூரம், நிற்கிறாயா படுத்திருக்கிறாயா, நகர்கிறாயா, நடுவில் மறைப்பு இருக்கிறதா என்றுதான் அது கணக்குப் போடும். வெப்பப் பார்வை ஸ்கோப் வைத்தவனுக்கும் நிறம் பொருட்டல்ல. 2015 மார்க்ஸ்மென் டி.எல்.சி.யின் முழு கில்லி உடுப்பை (இலைதழை போலத் தோன்றும் மறைப்பு உடுப்பு) காசு கொடுத்து வாங்க நினைப்பவர்கள், தாங்கள் ஆடுவது மனிதர்களோடா கம்ப்யூட்டரோடா என்று யோசித்துவிட்டு வாங்கலாம்.

கடல் வழித் தாக்குதல் ஆடாமல் இந்தக் கரையில் யாரும் இருப்பதில்லை, அதில்தான் உடுப்புக் குழப்பம் அதிகம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிப்பவர்களிடம் கேட்டால் தண்ணீருக்குள் உடம்பில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதற்கு ஒரு ஒழுங்கு சொல்வார்கள். ஆர்மாவுக்கும் உண்டு. வெட்சூட் உடுப்பின் இடத்தில் உட்காரும், டைவிங் கண்ணாடி முகத்தில். ரீபிரீதர் என்ற மூச்சுக் கருவி உட்காருவது வெஸ்ட்டின் இடத்தில். அதாவது மூச்சு வேண்டுமா கவசம் வேண்டுமா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியும். ரீபிரீதர் இருந்தால் தண்ணீருக்கடியில் மூச்சு தீராது. இல்லாவிட்டால் சற்று நேரத்தில் முடிந்தது. கரையேறும் முன் சாகாமல் இருக்க வழி: அசால்ட் பேக்கில் காலியான கேரியர் லைட் ஒன்றையும் ஆறேழு மேகஸின்களையும் போட்டு முதுகில் மாட்டிக்கொள்வது. பாறை மறைவில் கரையேறியதும் ரீபிரீதரைக் கழற்றி கேரியரை மாட்டி மேகஸின்களை அதற்கு மாற்ற வேண்டும். கேரியர் ரிக்கோ ஜி.எல்.லோ எடுத்தால் பையில் குண்டுக்கு இடம் குறையும். தண்ணீருக்குள் சுட எஸ்.டி.ஏ.ஆர். துப்பாக்கிக்கு இரு வகை மேகஸின் உண்டு. நீருக்கடியில் வேலை செய்வது டூயல் பர்ப்பஸ் மட்டும். படகிலிருந்து சுடும் மிஷன் என்றால் எடிட்டரின் வானிலைப் பகுதியில் அலையின் அளவையும் பாருங்கள். வடகடல் போல அடங்கிக் கிடந்தால் குறி நிற்கும். ஆனி ஆடித் தென்கடல் போல ஏற்றிவிட்டால் எந்தக் கவசம் போட்டு என்ன, படகு ஆடும் ஆட்டத்தில் குண்டு வானத்துக்குப் போகும்.

விளையாட்டுக்கு வெளியே ஒரு சொல். இதே மாதிரி வெஸ்ட்டும் உடுப்பும் இணையத்தில் மலிவாக விற்கின்றன. உள்ளே இருப்பது ஸ்பாஞ்ச். வீட்டில் மாட்டிப் படம் எடுப்பது வேறு. ராணுவத்தான் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு படைவீரர் உடுப்பைப் போன்ற ஒன்றை அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவில் குற்றம். தனுஷ்கோடி சாலையிலும் மண்டபம் கரையிலும் கடலோரக் காவல் ஆட்களிடம் “கேமுக்காகத்தான் சார்” என்று விளக்கிக்கொண்டு நிற்கும் நிலைமையைத் தேடிப் போக வேண்டாம்.

கம்ப்யூட்டர் பற்றிச் சுருக்கமாக. ஆர்மா 3 கிராஃபிக்ஸ் கார்டைவிட ப்ராசஸரைத்தான் அதிகம் பிழியும். விதவிதமான உடுப்பு போட்ட நாற்பது பேர் ஒரே இடத்தில் கூடினால் டெக்ஸ்ச்சர்களைப் படிக்கும்போது படம் திக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இது கண்கூடு. விளையாட்டையும் மாடுகளையும் எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள். உப்புக் காற்றில் ஃபேனும் ஹீட்சிங்கும் துருப்பிடிப்பது இங்கே எல்லாரும் அறிந்ததே, அதையும் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

ஆர்.எச்.எஸ். மாதிரிப் பெரிய தொகுப்பை மொபைல் டேட்டாவில் ஆளுக்கு ஆள் இறக்குவது வீண் செலவு. ஒருவர் இறக்கி மற்றவர்களுக்கு ஹார்ட் டிஸ்க்கில் கொடுக்கலாம். ஸ்டீம் கோப்புறையில் ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் ஒர்க்‌ஷாப், அதற்குள் கன்டென்ட், அதற்குள் 107410 என்ற எண்ணுள்ள கோப்புறை. அந்த எண் ஆர்மா 3-உடையது. அதற்குள் இருக்கும் மாட் கோப்புறையைப் பிரதி எடுங்கள். விளையாட்டின் கோப்புறையில் ஆச்சரியக்குறியோடு தெரியும் ஒர்க்‌ஷாப் கோப்புறையில் இருப்பவை வெறும் சுட்டிகள். வாங்கியவர் விளையாட்டைத் தொடங்கும் லாஞ்சரில் லோக்கல் மாடாகச் சேர்க்க வேண்டும். அமெரிக்கத் தொகுப்பு தனியாகவே ஓடும். ஆர்.எச்.எஸ்.ஸின் இன்னொரு தொகுப்பான கிரெஃப்பும் வேண்டுமென்றால் அமெரிக்கத் தொகுப்பு, ரஷ்யத் தொகுப்பு இரண்டும் உள்ளே இருக்க வேண்டும்; ஒன்று குறைந்தாலும் தொடக்கத்திலேயே பிழைச் செய்தி வரும். லோக்கல் மாட் தானாகப் புதுப்பிக்காது. சர்வர் நடத்துபவர் புதுப் பதிப்புக்கு மாறிவிட்டு சாவிக் கோப்பையும் மாற்றியிருந்தால், பழைய பதிப்போடு வருபவரைக் கையொப்பம் பொருந்தவில்லை என்று சர்வர் வெளியே தள்ளிவிடும். அப்போது உடுப்பைக் குறை சொல்லாமல், இறக்கிக் கொடுத்தவரிடம் புதுப் பிரதி கேளுங்கள்.